பேச்சியின் ஊசிச் சீட்டு

மகனே,

உன் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அந்தப் பேச்சை இத்தோடு விடு. நீ எழுதிய மற்ற விஷயத்துக்குத்தான் இந்தப் பதில். நீளமாக இருக்கும். கடையில் வைத்துப் பிரிக்காதே. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

உன் அக்கா பேச்சிக்குப் போடியில் ஒரு வரன் பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறாய். உன் முதலாளிக்கு உறவு, இரண்டாம் தாரம், முதல் தாரத்துக் குழந்தைகள் இரண்டு, குணம் தங்கம், தை மாதத்தில் முடித்துவிடலாம் என்கிறாய். அதற்குக் கீழே, “அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை. கொழுந்து கிள்ளுகிறவளுக்கு இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது” என்றும் எழுதியிருக்கிறாய். உன் கடிதங்களை நான் உரக்கப் படிப்பது உனக்குத் தெரியும். உன் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். பேச்சி லயத்து வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வரி வருவது கண்ணுக்குத் தெரிந்தும் என்னால் வாயை நிறுத்த முடியவில்லை, படித்துவிட்டேன். அவள் உள்ளே வந்து கடிதத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு, “தம்பி கையெழுத்து முன்னைக்கு இப்ப நல்லாருக்குல்லப்பா” என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

படிப்பு ஏறவில்லை என்ற சொல்லை நீ உண்டாக்கவில்லை. அதை உன் காதில் போட்டவன் நான். கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையேதான் சொல்லி வந்தேன். ஒன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. இப்போது அதை நானேதான் திருப்பி வாங்க வேண்டும்.

நீங்கள் இருவரும் ஏன் ஒரே வகுப்பில் படித்தீர்கள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? அவள் உன்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளுக்குப் பள்ளிக்கூட வயது வந்தபோது உனக்கு மூன்று. எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையின் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது, அதைப் போட்டுத் தர இரண்டு மழைக்காலம் ஆயிற்று. உன் அம்மா மலைக்குப் போனால்தான் வீட்டில் சோறு. அதனால் பேச்சி உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாள். நீ போகும்போதுதான் அவளும் போனாள். அஞ்சாம் வகுப்பு முடிந்த அன்று வாத்தியார் என்னை பாக்டரி வாசலில் நிறுத்திச் சொன்னது இப்போதும் அப்படியே நினைவில் இருக்கிறது. “ஓய், ஒம்ம மக கணக்குல சூரப்புலி. பயலும் பரவாயில்ல, அவ பக்கத்துல உக்காந்திருக்கிறதுனால.” அவர்தான் போடியில் ஆண்கள் ஹாஸ்டலில் உனக்கு ஓர் இடமும், பெண்கள் ஹாஸ்டலில் அவளுக்கு ஓர் இடமும் எழுதி வாங்கித் தந்தார். இந்த மலையாளச் சீமையில் அஞ்சுக்கு மேல் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே கெடு. அந்தத் தேதிக்குள் வந்து சேரவில்லை என்றால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

அந்த மழையில்தான் வாந்திபேதி வந்தது. அதன் பிறகு நாட்டுக்கே எமர்ஜென்சி வந்து போய்விட்டது, எல்லாரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் லயத்தில் அதற்கு முன்பே ஒன்று வந்து போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கீழ் லயத்து வரிசை வீடுகளில் முதலில் மூன்று சாவு. ஓடைத் தண்ணீரைக் குடிக்காதே என்றார்கள், வேறு தண்ணீர் தரவில்லை. பிளீச்சிங் பவுடரைத் தூவினார்கள். பள்ளிக்கூடத்தை மூடி, பெஞ்சுகளை மழையில் எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே நோயாளிகளுக்குக் கட்டில் போட்டார்கள். எஸ்டேட்டிலேயே நீளமான கட்டிடம் அதுதானாம். துரைமாருடைய கிளப்பு அதைவிட நீளம். அதை நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்லுவேன். நோய் கண்ட லயத்துக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு உள்ளே இருப்பவனுக்கு வேலை கிடையாது, வேலை இல்லாதவனுக்குக் கூலி கிடையாது. நோய் பரவக்கூடாது என்று ஒருவனைக் கட்டிப் போடுகிறவன் அவனுக்குச் சோறும் போட வேண்டாமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒருவரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கும் கண்டது. நீ படித்த வகுப்பிலேயே அவளைக் கொண்டுபோய்ப் போட்டோம். பிழைத்து வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த நாட்களில் உனக்கும் எனக்கும் கஞ்சி வைத்தவள் பேச்சி.

ஓர் உத்தரவு போடிமெட்டு செக்போஸ்டில் இருந்தது. காலரா ஊசி போட்டதற்குச் சீட்டு இல்லாமல் ஒருவரும் மலை இறங்கக் கூடாது. அதே சீட்டு இருந்தால்தான் கயிற்றையும் தாண்டலாம். ஊசி மருந்து ஒரே ஒரு நாள் ஒரு ஜீப்பில் வந்தது. பாக்டரி நிற்கக் கூடாது என்பதால் வேலைக்குப் பெயர் கூப்பிடும் மஸ்டரில் பெயர் உள்ளவர்களுக்கு முதலில் போட்டார்கள். பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்தால்தான். நான் போட்டுக்கொண்டு வந்து உங்கள் இருவரையும் வரிசையில் நிறுத்தினேன். ஊசியைப் பார்த்ததும் நீ என் கையை உதறிவிட்டுத் தேயிலைக்குள் ஓடினாய். இது உனக்கு நினைவிருக்கும், மறந்தது போல நீ வைத்திருந்தாலும். தேடிப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. பேச்சி காலையிலிருந்து நனைந்துகொண்டே நின்று, கடைசி நாலைந்து பேரில் ஒருத்தியாகப் போட்டுக்கொண்டாள். கம்பவுண்டருக்கு அன்று கை ஓய்ந்துபோயிருந்தது. பிள்ளைகளின் பெயரைக் கேட்டு எழுத அவருக்குப் பொறுமை இல்லை. தகப்பன் பெயர், லயத்து நம்பர், “பிள்ளை ஒன்று” என்று கிறுக்கி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தச் சீட்டை அவளே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தோள் வீங்கியிருந்தது. “எனக்கு வலிக்கவே இல்லப்பா” என்றாள்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது. இதற்கு மேல் எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் உன் அம்மா, “வளச்சு வளச்சு எழுதாம நேரா எழுதுங்க, ஒங்களுக்கு அது ஒண்ணுதான் வராது” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நேராகவே எழுதுகிறேன். பெயர் இல்லாத சீட்டு ஒன்று. பிள்ளைகள் இரண்டு. நீ ஆண்பிள்ளை. பேச்சிக்குப் பன்னிரண்டு முடிய இரண்டு மாதம்தான் இருந்தது, பன்னிரண்டு முடிந்த பிள்ளையை அரைக்கூலிக்கு எடுக்கப்போகிறார்கள் என்று கங்காணி என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தான். உன் அம்மா இனி மலை ஏறுவாளா என்பதே அன்றைக்குத் தெரியாது. இவ்வளவும் என் தலைக்குள் ஓடி முடிய, சாரத்தை மடித்துக் கட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. ராத்திரி பூராவும் தவித்தேன், தெய்வத்திடம் பூப்போட்டுப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. சீட்டு அவளுடையது என்று தெரிந்தே எடுத்து உனக்குக் கொடுத்தேன்.

உன்னிடம், கம்பவுண்டர் பாவம் பார்த்து எழுதிக் கொடுத்தார் என்றேன். அவளிடம் வேறு சொன்னேன். “ஒனக்கு இன்னொரு ஊசி இருக்கு தாயி. ரெண்டு போட்டாத்தான் பொட்டப்புள்ளைகளுக்குச் சீட்டாம். அடுத்த ஜீப்புல வரும், வந்ததும் நீ போ.” அம்மை குத்த வருகிறவர்கள் ஒரு வாரம் கழித்து வந்து, எடுத்திருக்கிறதா என்று கையைப் பிடித்துப் பார்ப்பார்கள், எடுக்காவிட்டால் திரும்பக் குத்துவார்கள் அல்லவா? இதுவும் அப்படித்தான் என்று அவள் நம்பிவிட்டாள். பிள்ளைகள் அறிந்திருந்த ஒரு வழக்கத்தை வைத்தே பொய்யைக் கட்டினேன். உன் பெட்டியில் துணி அடுக்கித் தந்தது அவள்தான். அவளுடைய புது சிலேட்டையும் அதில் வைத்தாள். “நான் வரும்போது வேற வாங்கிக்கிடுதேன்” என்றாள்.

செக்போஸ்டில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் யார் சீட்டில் நடந்தது என்று தெரியாது. போலீஸ்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உன் தோளைப் பிடித்து அமுக்கினார். உனக்குக் கூச்சம் வந்து சிரித்தாய். “என்னய்யா, மத்ததெல்லாம் தொட்டாலே கத்துது, இவன் சிரிக்கான்? வீக்கமே இல்லையே?” என்றார். “இவனுக்கு எருமைத் தோலுங்கய்யா, ஒண்ணும் ஏறாது” என்றேன். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். செக்போஸ்டுக் கயிற்றைத் தூக்கி விட்டார்கள். உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பி ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசி போடாத பிள்ளையை, தாய் நோயில் கிடக்கிற வீட்டிலிருந்து கொண்டுபோய், ஊரான் பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேருக்கு நடுவில் விட்டிருக்கிறேன். அந்த வருஷத்து உத்தரவுகளில் பத்துக்கு ஒன்பதை நான் இன்றைக்கும் ஏற்கமாட்டேன். செக்போஸ்டுச் சீட்டு மட்டும் நியாயமானது, அதைத்தான் நான் ஏமாற்றினேன். பத்து நாள், கீழேயிருந்து வருகிற ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி ஹாஸ்டல் சேதி கேட்டேன். உனக்கோ அங்கிருந்த எந்தப் பிள்ளைக்கோ ஒன்றும் வரவில்லை. வராமல் போனது என் யோக்கியதையால் இல்லை.

பிறகு நோய் இறங்கியது. கயிற்றை அவிழ்ப்பதற்குச் சில நாள் முன்பு, நாங்கள் ஆறு பேர் துரையைப் பார்க்கப் போனோம். படித்தவன் என்று என்னைத்தான் பேச விட்டார்கள். மஸ்டர் பலகையில் ஒட்டும் நோட்டீசுகளை எழுத்துக் கூட்டிப் படித்தே படித்தவன் ஆனவன் நான், எனக்கு வாத்தியார் யாரும் கிடையாது, அந்தத் திமிர் எனக்கு உண்டு. கயிற்றுக்குள் இருந்த நாட்களுக்கு அரிசி வேண்டும் என்று கேட்டேன். மேசையில் கையை ஊன்றிக் கேட்டேன், வாங்கியும் விட்டேன். “வேறு ஏதாவது உண்டா?” என்று துரை கேட்டார். இல்லை என்றேன். பள்ளிக்கூடத்தை எப்போது திறப்பீர்கள் என்று ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அரிசி வாங்கிய பெருமையில் நடந்து வந்தோம். அடுத்த வாரமே, முத்திப்போன கொழுந்தை எடுக்க ஆள் போதாது, விட்ட மகசூலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிப் பன்னிரண்டு முடிந்த பிள்ளைகளை அரைக்கூலிக்குப் பதிந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் இல்லை என்று அதை அடுத்த வருஷம்வரை பூட்டியே வைத்தார்கள். மகசூல் திரும்பி வந்தது. அந்த வருஷம் மலைக்குப் போன பிள்ளைகளில் ஒன்றுகூடப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவில்லை. பேச்சியின் பெயரைக் கங்காணியிடம் கொடுத்தது நான். வயதைக் கேட்டபோது இரண்டு மாதம் கூட்டியும் சொன்னேன்.

அவள் மலைக்குப் போனாளே தவிர ஊசியை விடவில்லை. புதன்கிழமைதோறும் வேலை விட்டதும் கூடையோடு டிஸ்பென்சரிக்குப் போய்ப் படியில் உட்கார்ந்திருப்பாள். “ஜீப்பு வந்துச்சாப்பா?” என்று என்னைக் கேட்பாள். மழை, ரோடு இடிந்துவிட்டது என்பேன். நாலைந்து புதன்கிழமை போனாள். பிறகு போகவில்லை, கேட்கவும் இல்லை. மறந்துவிட்டாள், பிள்ளைதானே என்று நினைத்தேன். அடுத்த ஜூனில் செக்போஸ்டில் சீட்டுக் கேட்கவில்லை, ஹாஸ்டலில் கெஞ்சினால் இடம் கொடுத்திருப்பார்கள், வாத்தியாரும் வந்து, “இந்த வருஷமாச்சும் அனுப்பும்யா” என்று கேட்டார். அதற்குள் அவள் அரைக்கூலி வீட்டுச் சோறாகிவிட்டது. “அவளுக்குப் படிப்பு ஏறாது சார், ஊசின்னாலே பயப்படுதா, ஹாஸ்டல்ல எப்படி இருப்பா?” என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். நீ விடுமுறைக்கு வரும்போது அவளை, ‘ஊசிக்குப் பயந்த பேச்சி’ என்று கேலி செய்வாய், அவளும் கூடச் சிரிப்பாள். ஓடினவன் நீ. நின்றவள் அவள். அந்தக் கேலி நடக்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவதை நீ கவனித்திருக்கமாட்டாய்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்ததும் உட்காரச் சொன்னேன். “தாயி, அன்னைக்கு அந்தச் சீட்டு” என்று ஆரம்பித்தேன். “தெரியும்ப்பா” என்றாள்.

“என்ன தெரியும்?”

“தம்பி கொண்டுபோனது என் சீட்டுன்னு.”

எப்போது தெரியும் என்று கேட்டேன். மூன்றாவது புதன்கிழமையே தெரியுமாம். மலையாளத்துக்காரரான கம்பவுண்டர், டிஸ்பென்சரியைப் பூட்டப் போகும்போது படியில் இருந்தவளைப் பார்த்து, “மோளே, இனி எந்தினு ஊசி? ஒண்ணு போட்டா போதும். உன்னோட சீட்டு அன்னைக்கே எழுதிக் கொடுத்தாச்சல்லோ” என்றாராம். அவளுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது.

“பிறகும் ஏன் புதன்கிழமை போன?” என்றேன்.

“போகாம நின்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்ல” என்றாள். “நீங்க வேற அம்மா உடம்பு தேறலையேன்னு நெனச்சுச் சோறு திங்காமக் கெடந்தீக. ரெண்டு வாரம் கழிச்சு மெதுவா விட்டேன்.”

மகனே, மஸ்டரில் கை நீட்டிப் பேசுகிறவன் நான். துரையிடமும் யூனியன்காரர்களிடமும் ஒருநாளும் வாய் அடைத்து நின்றதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை என் பொய்க்கு வெட்கம் வராமல் பார்த்துக்கொண்டு இரண்டு புதன்கிழமை சும்மா படியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறது. உன் அம்மா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல், “இந்த வீட்டுல ஒருத்தருக்குத்தான் படிப்பு ஏறியிருக்கு” என்றாள். அவளுக்கும் சனிக்கிழமைதான் விஷயம் தெரிந்தது. அதற்கப்புறம் அவள் என்னோடு பேசியது, நேராக எழுதச் சொன்னது ஒன்றுதான்.

இப்போது ஆகவேண்டியதைச் சொல்கிறேன். நான் யோசனை கேட்கவில்லை. லயங்களுக்குப் போய்த் தண்ணீருக்கு மருந்து போடவும், காய்ச்சல் கண்டவர்களை எழுதி வைக்கவும், பெண்களைப் பயிற்சி கொடுத்து எடுக்கப்போகிறார்கள் என்று டிஸ்பென்சரியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. எட்டாம் வகுப்புச் சான்று இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேராமலே எட்டாவது தேர்வு எழுதலாம், அதற்கான விண்ணப்பப் பாரத்தை அவள் இரண்டு மாதத்துக்கு முன்பே வரவழைத்து அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள். சனிக்கிழமைதான் எடுத்துக் காட்டினாள். உன் பழைய புத்தகங்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் போனாயே, அதில் ஆறும் ஏழும் படித்து முடித்துவிட்டாள். எட்டாவதில் கணக்கில் ஒன்றும் இடறவில்லையாம், இங்கிலீஷ்தான் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். தேர்வு போடியில். அங்கே நாலைந்து மாதம் தங்கிப் படிக்க இடம் வேண்டும். உனக்கு அங்கேயே இரண்டு அறை வீடு இருக்கிறது. இங்கிலீஷும் உனக்கு வரும்.

அந்த வரனுக்கு இல்லை என்று சொல்லிவிடு. முதலாளி முகம் கோணுவார். கோணட்டும். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் உறவினரும் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவள் தானாக ஒருவனைக் கட்டிக்கொள்கிற நாள் வரும்வரை, அவளுக்கு இதற்கு மேல் கிடைக்காது என்று சொல்லும் உரிமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நீ அவள் சீட்டில் மலை இறங்கியவன், நான் இறக்கிவிட்டவன். நீ படித்த படிப்பை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஹாஸ்டல் சோற்றில் கஷ்டப்பட்டுப் படித்தாய், அது உன்னுடையதுதான். அன்று உனக்குப் பதினொன்றுகூட முடியவில்லை, சீட்டு விஷயத்தில் உன்மேல் குற்றம் கிடையாது. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நீ செய்வது மட்டும்தான் உன் கணக்கு. என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கமாட்டேன். அது உன்னிடம் கேட்க வேண்டியது இல்லை. அவளிடம் கேட்டேன். “அதெல்லாம் வேண்டாம்ப்பா, பாரத்துல கையெழுத்துப் போடுங்க” என்றாள்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்றும் சொன்னாள். “தம்பி நாலு பேருக்கு முன்னால நல்லா இருக்கான், அவன் மனசக் கெடுக்காதீக” என்றாள். நான் எழுதிவிட்டேன். அவள் சொல்லி நான் கேட்டதாகச் சரித்திரம் இல்லை, இந்த வயதில் மாறப்போவதும் இல்லை.

பாரத்தில் தகப்பன் கையெழுத்து என்ற இடத்தில் போட்டேன். பெயர் என்ற இடத்தில் பேச்சியம்மாள் என்று அவளையே முழுதாக எழுதச் சொன்னேன். தேர்வுச் சீட்டு வந்து சேரவேண்டிய முகவரி என்ற இடத்தில் உன் வீட்டு முகவரியை எழுதிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. இன்று காலைத் தபாலில் அது போய்விட்டது. வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவளை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். அதற்குள் தபால்காரர் வந்து அவள் பெயரைக் கூப்பிட்டால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லிவிடாதே. கையெழுத்துப் போட்டு வாங்கி வை.

உன் அப்பா